91 புள்ளி எடுத்தும் வெளியே: டெட்ராய்ட் ரசிகர்களின் தீராத வழக்கு

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை இரவு. மாண்ட்ரியாலில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் அந்த அணிக்கு அது சீசனின் 82ஆவது, அதாவது கடைசி ஆட்டம். இன்னும் சில விநாடிகள்தான் என்ற நிலையில் டேவிட் பெரோன் பக்கை, அதாவது பந்துக்குப் பதில் அங்கே ஆடும் ரப்பர் வட்டை, வலைக்குள் தள்ளி 4-4 ஆக்கினார். பிறகு ஷூட்அவுட்டில் டெட்ராய்ட் ஜெயித்தது. ஜெயித்தும் பிரயோஜனமில்லை. அதே இரவு பிலடெல்பியாவில் நடந்த இன்னொரு ஆட்டம் கதையை முடித்துவிட்டது. அங்கே வாஷிங்டனும் பிலடெல்பியாவும் 1-1 என்று இருந்தன. பிலடெல்பியாவுக்குச் சமநிலையால் லாபம் இல்லை, வழக்கமான 60 நிமிடத்துக்குள் ஜெயித்தே ஆகவேண்டும். அதனால் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு, அவருக்குப் பதில் தாக்கி ஆட ஒருவரைக் கூடுதலாக இறக்கினார்கள். காலியாகக் கிடந்த வலைக்குள் வாஷிங்டனின் டி.ஜே. ஓஷி பக்கை அனுப்பினார். 2-1. வாஷிங்டன் பிளேஆஃப்புக்குள் போனது, டெட்ராய்ட் வீட்டுக்குப் போனது.

இரண்டு அணிகளுமே 91 புள்ளி. சமமாக வந்தால் முதலில் பார்ப்பது, 60 நிமிடத்துக்குள் ஜெயித்த ஆட்டங்கள் எத்தனை என்பதை. வாஷிங்டனுக்கு 32, டெட்ராய்ட்டுக்கு 27. அவ்வளவுதான் வித்தியாசம். ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இந்த வலி புதிதல்ல. அதற்கு ஒரு மாதம் கழித்து, 2024 மே 18 அன்று, சென்னையும் பெங்களூரும் ஆளுக்கு 14 புள்ளியில் நிற்க, ரன்ரேட் கணக்கில் சென்னை வெளியேறியதே, அதே ரகம்தான்.

டொராண்டோ, மாண்ட்ரியால் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு என்.எச்.எல். பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: இது டர்ஃப் மைதானத்து ஹாக்கி இல்லை, பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள். 2025 வரை வழக்கமாக அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஆளுக்கு 82 ஆட்டம். அதில் 16 அணிகள் பிளேஆஃப்புக்குப் போகும். கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பிரிவுகள். ஒவ்வோர் உட்பிரிவின் முதல் மூன்று அணிகள் நேராகப் போகும். மீதியிருப்பவற்றில் கிழக்கில் இரண்டு, மேற்கில் இரண்டு அணிகளுக்கு ‘வைல்ட் கார்டு’ இடம். டெட்ராய்ட் ரசிகர்கள் வருஷா வருஷம் கண் வைத்துக் காத்திருப்பது கிழக்கின் அந்த இரண்டாவது வைல்ட் கார்டு இடத்துக்குத்தான்.

2016க்குப் பிறகு பிளேஆஃப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2025 வசந்தத்தோடு தொடர்ச்சியாக ஒன்பது சீசன். அதில் முதல் நான்கைந்து ஆண்டுகள் அணி படுமோசம், யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. கடைசி இடத்தையாவது பிடிக்கப் பார்ப்பதா, இளைஞர்கள் வளரும்வரை காத்திருப்பதா என்று ரசிகர்களுக்குள் அடிதடியாக விவாதம் நடப்பதெல்லாம் அணி கொஞ்சம் தேறிய பிறகுதான். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள முதலில் புள்ளி முறையைப் பார்க்க வேண்டும்.

தோற்றாலும் ஒரு புள்ளி

என்.எச்.எல்.லில் எப்படி ஜெயித்தாலும் இரண்டு புள்ளி. 60 நிமிடத்துக்குள் தோற்றால் பூஜ்யம். ஆனால் கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி கிடைக்கும். ஆகவே சில ஆட்டங்களில் மொத்தம் இரண்டு புள்ளி வெளியே வரும், சிலவற்றில் மூன்று. இதனால் பட்டியலின் நடுப்பகுதி எப்போதும் நெருக்கியடித்துக்கொண்டே இருக்கும். மார்ச் மாதத்தில் ஐந்தாறு அணிகள் நான்கு புள்ளி இடைவெளிக்குள் நிற்பது சாதாரணம்.

இதன் இன்னொரு விளைவு, அணியின் தரம் கண்ணுக்குச் சற்று அழகாகத் தெரியும். 2023-24இல் டெட்ராய்ட்டின் கணக்கு 41-32-9 என்று எழுதப்படும். முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் நல்ல அணி. கூடுதல் நேரத்தில் தோற்ற அந்த 9ஐயும் தோல்வியாக எண்ணினால் 41 வெற்றி, 41 தோல்வி. சரிபாதி. அடுத்த சீசன் 39-35-8, அதாவது ஜெயித்ததைவிடத் தோற்றது நான்கு அதிகம். உள்ளே போன வாஷிங்டனும் ஒன்றும் உசத்தியில்லை. 40-31-11 என்றால் 40 வெற்றி, 42 தோல்வி. அடித்த கோல், வாங்கிய கோல் கணக்கில் வாஷிங்டன் 37 கோல் பின்னால். டெட்ராய்ட் 4 கோல் முன்னால். முதல் சுற்றில் வாஷிங்டனை நியூயார்க் ரேஞ்சர்ஸ் 4-0 என்று சுருட்டி அனுப்பியது.

இதைக் காட்டித்தான் ஒரு தரப்பு கேட்கிறது: நான்கு ஆட்டத்தில் நசுங்கிப் போவதற்கா இந்தப் பாடு? கிழக்கின் எட்டாவது, அதாவது கடைசி பிளேஆஃப் இடத்தைத் துரத்தி, வயதான ஆட்டக்காரர்களைச் சேர்த்து, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும் டிராஃப்ட்டில் பதினைந்தாவது இடத்துக்குப் போய் நிற்பதில் என்ன லாபம்? இன்னொரு தரப்பு சொல்வது: இளைஞர்கள் ஏப்ரல் மாதத்து ஆட்டத்தை ஆடித்தான் பழக வேண்டும், உட்கார்ந்து யோசித்துப் பழக முடியாது. எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் இந்த வாதத்தின் சூட்டுக்குக் காரணம் ரசிகர்களின் குணம் மட்டுமல்ல. சரிபாதி ஜெயிக்கிற அணியையும் மார்ச் முடியும்வரை ‘இன்னும் வாய்ப்பு இருக்கிறது’ என்று நம்ப வைக்கிற அட்டவணைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. நிர்வாகமும் அதே அட்டவணையைத்தான் பார்க்கிறது. அணியில் யாரை வைப்பது, யாரை விடுவது என்ற ஒவ்வொரு முடிவும் அந்த நம்பிக்கையின் பிடியில் எடுக்கப்படுகிறது.

25 ஆண்டுப் பழக்கம்

டெட்ராய்ட் ரசிகர்களுக்குப் பொறுமை குறைவு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்களுடைய பழைய வாழ்க்கையைப் பார்த்தால் குறைசொல்ல மனம் வராது. 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 சீசன் இந்த அணி பிளேஆஃப் போயிருக்கிறது. அதற்குள் 1997, 1998, 2002, 2008 என்று நான்கு ஸ்டான்லி கோப்பைகள், அதாவது லீக் சாம்பியன் பட்டங்கள். மொத்தக் கணக்கில் 11. முப்பது வயது ரசிகர் ஒருவர் பிளேஆஃப் இல்லாத ஏப்ரலை முதன்முதலாகப் பார்த்ததே 2017இல்தான்.

அந்த வெற்றிக்குப் பணமும் கண்ணும் காரணம். 1982இல் அணியை வாங்கிய மைக் இலிட்ச், லிட்டில் சீசர்ஸ் பீட்சா கடைகளின் உரிமையாளர். சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாத காலம் அது. 2001 கோடையில் டொமினிக் ஹாசெக், பிரெட் ஹல், லூக் ராபிட்டாய் மூவரையும் ஒரே மூச்சில் கொண்டுவந்து அடுத்த ஆண்டே கோப்பையைத் தூக்கினார்கள். கண் என்று சொன்னது ஆள் தேர்வை. நிக்லஸ் லிட்ஸ்ட்ராம் 1989 டிராஃப்ட்டில் 53ஆவது இடம். பாவெல் டாட்ஸ்யூக் 1998இல் 171ஆவது. ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 1999இல் 210ஆவது. மற்றவர்கள் கைவிட்ட ஐரோப்பியப் பையன்களை எடுத்துக் கோப்பை ஜெயித்த அணி இது.

2004-05 சீசன் முழுவதும் தொழில் தகராறில் ரத்தானது. திரும்பி வந்தபோது சம்பள உச்சவரம்பும் வந்தது. முதல் ஆண்டு ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர். இனிப் பணத்தால் மட்டும் வாங்க முடியாது. டிராஃப்ட்டின் பிந்தைய சுற்றுகளில் கிடைத்த மேதைகளுக்கு வயதாகிக்கொண்டே போனது, இன்னொரு டாட்ஸ்யூக் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் நின்று நிதானித்திருக்கலாம். ஆனால் 25 ஆண்டுச் சங்கிலியை அறுக்க யாருக்கு மனம் வரும்? ஒவ்வொரு பிப்ரவரியிலும் எதிர்காலத்தில் கொஞ்சம் விற்று நிகழ்காலத்தை ஓட்டினார்கள்.

அதில் ஒரு வியாபாரத்தை மட்டும் கிட்டே வைத்துப் பார்க்கலாம். 2012 பிப்ரவரியில் கைல் குவின்சி என்ற தற்காப்பு ஆட்டக்காரரைத் திரும்பக் கொண்டுவர, அந்த ஆண்டு டிராஃப்ட்டின் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் தேர்வுரிமையை டெட்ராய்ட் தாம்பா பே அணிக்குக் கொடுத்தது. தாம்பாவின் பொது மேலாளர் அதை வைத்து 19ஆவது இடத்தில் ஒரு ரஷ்ய கோல்கீப்பரை எடுத்தார். பெயர் ஆந்த்ரே வசிலெவ்ஸ்கி. 2020, 2021 இரண்டு ஆண்டும் தாம்பா கோப்பை ஜெயித்தபோது வலையில் நின்றவர் அவர்தான். 2021 பிளேஆஃப்பின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அவரைத் தேர்வு செய்த அந்தப் பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன்.

ஐசர்மன் என்றால் டெட்ராய்ட்டில் தனி மரியாதை. 22 சீசன், எல்லாம் ஒரே அணிக்கு. அதில் 1986 முதல் 2006 வரை கேப்டன். 2019 ஏப்ரலில் அவர் பொது மேலாளராகத் திரும்பி வந்தபோது ஊரே கொண்டாடியது. அவர் செய்யப்போவதற்கு ரசிகர்கள் ‘ஐசர்பிளான்’ என்று பெயர் வைத்தார்கள். இப்போது அதே சொல்லைக் கிண்டலுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

விழாத லாட்டரி

வந்த முதல் சீசனில், அதாவது கொரோனாவால் பாதியில் நின்ற 2019-20இல், டெட்ராய்ட் 71 ஆட்டத்தில் ஜெயித்தது 17. மொத்தம் 39 புள்ளி. லீக்கின் அடிமட்டம். இப்படித் தோற்பதற்கு ஒரு பலன் உண்டு: 18 வயதுப் பையன்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட்டில் முன்னுரிமை கிடைக்கும். ஆனால் வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க லீக் அதை லாட்டரியாக்கி வைத்திருக்கிறது. கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்க அப்போது இருந்த வாய்ப்பு 18.5 சதவீதம். 2020 லாட்டரியில் மூன்று குலுக்கலிலும் டெட்ராய்ட் பெயர் வரவில்லை. நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. முதல் இடம் யாருக்குப் போனது தெரியுமா? அந்த ஆண்டு விரிவாக்கப்பட்ட பிளேஆஃப் போட்டியில் கலந்துகொண்டு தோற்ற நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு.

2025 வரை ஒரு முறைகூட லாட்டரியில் டெட்ராய்ட் முன்னுக்கு நகரவில்லை. இத்தனை தோல்விக் காலத்தில் அது தேர்வு செய்த மிக உயர்ந்த இடமே அந்த நான்காவதுதான். அதில் வந்தவர் லூக்காஸ் ரேமண்ட். முந்தைய ஆண்டு ஆறாவது இடத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் ஸைடரை எடுத்தார்கள். பெயர் அறிவித்தபோது ஸைடரே வாய் பிளந்து நின்றது தொலைக்காட்சியில் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு முன்னால் எடுக்கப்படுவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. 2022இல் அவர் லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வாங்கினார். ஆள் தேர்வில் ஐசர்மனுக்குக் கண் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ‘தாம்பாவில் செய்தாரே, இங்கே ஏன் முடியவில்லை’ என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2010இல் அவர் தாம்பாவுக்குப் போனபோது ஸ்டீவன் ஸ்டாம்கோஸும் விக்டர் ஹெட்மனும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். முதலாமவர் 2008இன் முதல் தேர்வு, அடுத்தவர் 2009இன் இரண்டாவது. அஸ்திவாரம் போட்டாயிற்று, மேலே கட்டுவதுதான் இவர் வேலை. டெட்ராய்ட்டில் வந்து பார்த்தபோது கையில் இருந்த பெரிய சொத்து, 2014இல் 15ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட டிலன் லார்கின். நல்ல ஆட்டக்காரர், மிச்சிகன் மாநிலத்துப் பையன், 2021 முதல் கேப்டன். ஸ்டாம்கோஸ் அளவுக்கு என்று சொல்ல மாட்டேன்.

மலிவான மூன்று ஆண்டுகள்

பிளேஆஃப் வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது பலர் தாண்டிப் போய்விடும் விஷயம் இதுதான். டிராஃப்ட்டில் வருகிற பையனுக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. விதிப்படி அதற்கு மேல் கொடுக்க முடியாத ஒரு தாழ்வான சம்பள வரம்பு உண்டு, அந்த ஆண்டுகளில் அடிப்படைச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தொடவில்லை. ஒரு நட்சத்திரம் அந்தக் கூலிக்கு ஆடும் மூன்று ஆண்டுகளில்தான் அணிக்கு உச்சவரம்புக்குள் நிறைய இடம் மிஞ்சும். அந்த இடத்தில் நல்ல ஆட்களை வாங்கிப் போட்டு மேலே ஏறிவிட வேண்டும். அப்புறம் பையன் பெரிய சம்பளம் கேட்பான்.

ஸைடர், ரேமண்ட் இருவருக்கும் அந்த மூன்று ஆண்டு 2021 முதல் 2024 வரை. ஐசர்மன் சும்மா இருக்கவில்லை. 2022 கோடையில் ஆண்ட்ரூ காப்புக்கு ஐந்து ஆண்டு, பென் சியரோட்டுக்கு நான்கு ஆண்டு. 2023இல் ஜே.டி. காம்ஃபருக்கு ஐந்து ஆண்டு, ஜஸ்டின் ஹோலுக்கு மூன்று. எல்லாரும் நடுத்தர விலை, நடுத்தர ஆட்டம். காப்புக்கு ஆண்டுக்கு 56 லட்சம் டாலருக்கு மேல், காம்ஃபருக்கு 51 லட்சம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கொடுமை இல்லை. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய நட்சத்திரத்தின் சம்பளத்தைவிட அதிகம் போயிருக்கிறது, நட்சத்திரம் மட்டும் வரவில்லை. மலிவான அந்த ஜன்னல் 2024 ஏப்ரல் 16 இரவு பிலடெல்பியாவில் மூடியது. அந்த செப்டம்பரில் ஸைடர் ஆண்டுக்கு 85.5 லட்சத்துக்கும், ரேமண்ட் 80.75 லட்சத்துக்கும் நீண்ட ஒப்பந்தம் போட்டார்கள். இந்த இரண்டு ஒப்பந்தத்தையும் எந்தத் தரப்பும் குறை சொல்லவில்லை. ஒத்துப்போகிற ஒரே இடம் அதுதானோ என்னவோ.

ரசிகர்கள் எத்தனை முறை பேசினாலும் அலுக்காத சம்பவம் ஒன்று உண்டு. 2024 ஜூனில் ஜேக் வால்மன் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை சான் ஹோசே அணிக்கு அனுப்பினார்கள். திரும்ப ஒன்றும் வாங்கவில்லை. அதற்கு மேல், இவரை எடுத்துக்கொள்வதற்காக இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். காரணம், உச்சவரம்புக்குள் இடம் தேவை என்பது. வால்மன் சம்பளம் 34 லட்சம் டாலர். ஜஸ்டின் ஹோலின் சம்பளமும் அதே 34 லட்சம். ஹோல் இருந்தார், வால்மன் போனார். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, சான் ஹோசே அதே வால்மனை எட்மன்டனுக்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைக்கு விற்றது. அவர் 2025 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் ஆடினார். டெட்ராய்ட் காசு கொடுத்துத் தூக்கி எறிந்த பொருளை வேறொருவர் எடுத்து நல்ல விலைக்கு விற்றார் என்றால் எந்த ரசிகனுக்குப் பொறுக்கும்? ஐசர்மனைத் தாங்கிப் பேசுகிறவர்களும் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பையனைக் கீழே அனுப்புவது ஏன்?

‘நம்ம பையன் அங்கே கிராண்ட் ராபிட்ஸில் ஆடிக்கொண்டிருக்கிறான், இங்கே முப்பது தாண்டியவர்கள் தடுமாறுகிறார்கள்.’ இது அடிக்கடி கேட்கிற புலம்பல். கிராண்ட் ராபிட்ஸ் கிரிஃபின்ஸ் என்பது டெட்ராய்ட்டின் கீழ்நிலை அணி, அதே மிச்சிகன் மாநிலத்தில்தான். 2021இல் ஆறாவது இடத்தில் எடுக்கப்பட்ட ஸைமன் எட்வின்சன் 2023-24 சீசனின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார். மார்ச்சில் மேலே வந்ததும் அணியின் தேர்ந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர்போல ஆடினார். ஐந்து மாதம் முன்பே வந்திருந்தால் ஒரே ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்காதா? 91 புள்ளியில் நின்ற ஓர் அணியின் ரசிகர் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அனுபவமுள்ள ஆட்டக்காரரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் அவரை ‘வேய்வர்ஸ்’ பட்டியலில் போட வேண்டும். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். புதுப்பையனுக்கு அந்தத் தொல்லை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மேலும் கீழும் அனுப்பலாம். ஆக, இரண்டு பேரில் ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டும் என்றால், சற்றே நன்றாக ஆடினாலும் பையன்தான் பேருந்து ஏறுவான். யாரையும் இலவசமாக இழக்காமல் இருப்பது நிர்வாகத்தின் கணக்கு. இந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் எல்லாரையும் விடாமல் கட்டிப்பிடித்தால் என்னாகும் என்பதற்கு 2024-25 ஓர் உதாரணம். சீசனை டெட்ராய்ட் மூன்று கோல்கீப்பர்களோடு தொடங்கியது: கேம் டால்பட், அலெக்ஸ் லயன், வில்லே ஹுஸ்ஸோ. 23 பேர் கொண்ட அணியில் ஓர் இடம், ஆடாமல் உட்கார்ந்திருக்கும் கோல்கீப்பருக்குப் போய்விட்டது.

மார்ச் மாதத்து வழக்கு

பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் என்றால் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு. வாங்குவதா, விற்பதா, சும்மா இருப்பதா? டெட்ராய்ட் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறது.

2023இல் விற்றது. வைல்ட் கார்டு இடத்துக்கு அருகில் நின்றபோது ஒட்டாவாவிடம் அடுத்தடுத்த இரவுகளில் 6-2, 6-1 என்று தோற்றது. உடனே ஃபிலிப் ஹ்ரோனெக் வான்கூவருக்கும், டைலர் பெர்ட்டுஸி பாஸ்டனுக்கும் போனார்கள். அன்றைக்கு ரசிகர்கள் கொதித்தார்கள். இப்போது திரும்பிப் பார்த்தால் அதுதான் இந்தக் காலத்தின் சிறந்த வியாபாரமோ என்று தோன்றுகிறது. ஹ்ரோனெக்குக்குக் கிடைத்த முதல் சுற்று உரிமையில் ஆக்சல் ஸான்டின்-பெல்லிக்கா வந்தார். பெர்ட்டுஸிக்குக் கிடைத்த உரிமையை அந்தக் கோடையில் ஒட்டாவாவுக்குக் கொடுத்த பொட்டலத்தில் சேர்த்து அலெக்ஸ் டிப்ரிங்காட்டைக் கொண்டுவந்தார்கள். அவரும் மிச்சிகன்காரர், 2024-25இல் 39 கோல் அடித்தவர்.

2025இல் கதை வேறு. அந்த சீசனின் நடுவில், 2024 டிசம்பர் 26 அன்று, பயிற்சியாளர் டெரெக் லலோண்டை நீக்கிவிட்டு டாட் மக்லெல்லனைக் கொண்டுவந்தார்கள். அதுவரை 13-17-4. அவர் வந்ததும் அணி எழுந்து ஓடியது. மார்ச் கெடு வந்தபோது வாய்ப்பு உயிரோடிருந்தது. மேலாளர் வாங்கியது சிகாகோவிடமிருந்து பீட்டர் ம்ராஸெக்கையும் க்ரெய்க் ஸ்மித்தையும், ஜோ வெலேனோவைக் கொடுத்துவிட்டு. அவ்வளவே. அந்த நாட்களில் தொடங்கிய சறுக்கலில் சீசனும் போனது. முடிவு 86 புள்ளி. கிழக்கின் கடைசி இடம் 91 புள்ளியோடு மாண்ட்ரியாலுக்கு.

சீசன் முடிந்ததும் லார்கின், கெடு நாளில் பெரிதாக எதுவும் நடக்காததில் ஆட்டக்காரர்கள் சோர்ந்துபோனதை மறைக்காமல் சொன்னார். ஒரு கேப்டன், அதுவும் அமைதியான கேப்டன், இப்படி வெளிப்படையாகச் சொன்னது பெரிய செய்தியானது. அவர் இடத்தில் இருந்து பார்த்தால் புரியும். அவர் வாழ்க்கையில் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் மொத்தம் ஐந்து. எல்லாம் 2016இல், முதல் சீசனில், 19 வயதில். எதிரணி தாம்பா பே, அதன் பொது மேலாளர் ஐசர்மன். 2025இல் அதே ஐசர்மன் ‘காத்திரு’ என்றார். லார்கினுக்கு 2025 ஜூலையில் 29 முடிந்தது.

ரசிகர்களின் சண்டை உண்மையில் இந்தக் கடிகாரங்களைப் பற்றியது என்றுதான் நான் நினைக்கிறேன். 2025 கோடையில் லார்கினின் நல்ல ஆண்டுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. இளைஞர்களான மார்கோ காஸ்பர், எட்வின்சன், அப்போது கிராண்ட் ராபிட்ஸில் வளர்ந்துகொண்டிருந்த கோல்கீப்பர் செபாஸ்டியன் கோஸா ஆகியோரின் நல்ல ஆண்டுகள் இன்னும் தொடங்கவே இல்லை. ஒரே அணியாக இருந்தாலும், யாருடைய ஆண்டுகளுக்காக முடிவெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லா முடிவும் தலைகீழாகும். ஐசர்மன் இளைஞர்கள் விஷயத்தில் காத்திருந்தார், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். காத்திருக்கும் காலத்தை நிரப்ப வாங்கிய நடுத்தர ஒப்பந்தங்களில்தான் கோளாறு. அவை அணியை அடியில் கிடக்கவும் விடவில்லை, மேலே ஏற்றவும் இல்லை.

‘அப்படியானால் அடியிலேயே கிடந்திருக்கலாமே’ என்பவர்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ஈரி ஏரியின் அந்தக் கோடியில் பஃபலோ அணி. 2018இலும் 2021இலும் முதல் தேர்வு, 2015இல் இரண்டாவது தேர்வு எல்லாம் கிடைத்தது. 2011க்குப் பிறகு 2025 வரை 14 சீசன் பிளேஆஃப் இல்லை, அது லீக் சாதனை. அந்த 2015 தேர்வான ஜாக் ஐகல், வேகஸுக்கு மாறிப்போய் 2023இல் கோப்பை ஜெயித்தார். மறுபக்கம் மாண்ட்ரியால் 2022இல் கடைசி இடம் வந்து, முதல் தேர்வில் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்து, மூன்றே ஆண்டில் பிளேஆஃப்புக்கு வந்துவிட்டது. ஒட்டாவாவும் அதே 2025இல் உள்ளே போனது. தங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முந்திக்கொண்டு போவதைப் பார்ப்பதுதான் டெட்ராய்ட்காரர்களுக்குத் தாங்கவில்லை.

அந்த ஊரில் பிளேஆஃப் காலத்தில் பனித்தளத்துக்குள் ஆக்டோபஸ் எறிவார்கள். 1952இல் மீன் வியாபாரிகளான குசிமானோ சகோதரர்கள் தொடங்கி வைத்தது. அப்போது கோப்பை ஜெயிக்க எட்டு வெற்றி போதும், ஆக்டோபஸுக்கும் எட்டுக் கை. அந்த ஆண்டு எட்டுக்கு எட்டு ஜெயித்தார்கள். 2017இல் திறந்த புது அரங்கமான லிட்டில் சீசர்ஸ் அரீனாவில், 2025 கோடை வரை ரெட் விங்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை.

2025 ஜூன் 28, டிராஃப்ட் நாளன்று ஐசர்மன் அனஹைமிடமிருந்து கோல்கீப்பர் ஜான் கிப்சனை வாங்கினார். கொடுத்தது ம்ராஸெக், 2027இன் இரண்டாம் சுற்று உரிமை, 2026இன் நான்காம் சுற்று உரிமை. கிப்சனுக்கு அடுத்த மாதம் 32 வயது, அப்போது ஒப்பந்தத்தில் மீதி இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 64 லட்சம் டாலர். உச்சவரம்பு அந்த ஆண்டு 8.8 கோடியிலிருந்து 9.55 கோடிக்கு உயர்ந்ததால் அது இடிக்கவில்லை. கோஸாவுக்கு அப்போது 22 வயது. அந்த இரண்டு ஆண்டுக்குள் அவர் தயாராகிவிடுவார் என்பது ஒரு தரப்பின் கணக்கு. இன்னொரு தரப்பு கேட்டது, வலையில் கிப்சன் நிற்கட்டும், அவருக்கு முன்னால் நின்று பக்கைத் தடுக்கப் போவது யார் என்று. 2024-25இல் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டிய நேரங்களில் கோல் விடாமல் தடுத்த விகிதத்தில் 32 அணிகளில் டெட்ராய்ட்டுக்கு 32ஆவது இடம். அந்தத் தற்காப்பு வரிசைக்கு அந்தக் கோடையில் பெரிய பெயர் எதுவும் வரவில்லை.